குடும்ப நலம்: முகப்பருவும் அதன் வடுவும்



பருவ வயதை எட்டிய பிள்ளைகள் உள்ள இல்லங்களில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஓய்வே இல்லை. மகன் அதன்முன் நின்று கன்னத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறான். மகள் நெற்றியில் முடியை இழுத்துவிட்டு மறைத்துக்கொள்கிறாள். இதனைக் காணும் பெரியோருள் சிலர், "வயதுக் கோளாறு, தானே போய்விடும்" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் செல்கின்றனர். வேறு சிலரோ, "முகத்தை ஒழுங்காகக் கழுவினால் இது வருமா?" என்று கடிந்துகொள்கின்றனர். இவ்விரண்டும் தவறான சொற்களே. முன்னது சிகிச்சையைத் தாமதப்படுத்துகிறது; பின்னது பிள்ளையின் மனத்தைப் புண்படுத்துகிறது.

12 வயது முதல் 24 வயது வரை உள்ளோரில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் முகப்பரு தோன்றுகிறது என்பது மருத்துவர் கணக்கு. இவர்களுள் பலருக்கு அது சுவடின்றி மறைகிறது. சிலருக்கோ ஆயுள் முழுவதும் நிற்கும் பள்ளங்களை விட்டுச் செல்கிறது. வடு விழுந்தபின் அதனை ஆற்றுவது கடினம். விழாமல் தடுப்பது எளிது. ஆகவே முகப்பருவுக்குக் காலத்தே தக்க சிகிச்சை தேவை. அச்சிகிச்சையைத் தக்கவரிடமே பெற வேண்டும். இந்த மாதம் நாம் சிந்திக்க விரும்புவது இதுவே. நான் மருத்துவன் அல்லேன். தோல் மருத்துவத்தில் நன்கு நிலைநாட்டப்பட்ட செய்திகளையே ஈண்டுத் தொகுத்துத் தருகிறேன்.

பரு எவ்வாறு தோன்றுகிறது?

நம் தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலுடனும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இணைந்துள்ளது. பருவம் எய்தும்போது உடலில் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்கள் மிகுகின்றன. இவை ஆண், பெண் இருபாலாரிடத்தும் உண்டு. இவற்றின் தூண்டுதலால் எண்ணெய் மிகுதியாகச் சுரக்கிறது. அதே வேளையில் மயிர்க்காலின் வாயில் உதிரவேண்டிய தோல் அணுக்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கின்றன. அடைபட்ட இடமே முதலில் வெண்புள்ளியாகவோ கரும்புள்ளியாகவோ தோன்றுகிறது. கரும்புள்ளியின் கருமை அழுக்கு அன்று. காற்றுப் பட்டு நிறம் மாறிய பொருளே அது. ஆதலால் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது போவதில்லை.

அடைப்புக்குள் தேங்கிய எண்ணெயில், தோலில் இயல்பாகவே வாழும் ஒரு பாக்டீரியா பெருகுகிறது. கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்பது அதன் பெயர். இதனால் அழற்சி உண்டாகிச் சிவந்த பருவும் சீழ்ப்பருவும் தோன்றுகின்றன. அழற்சி ஆழமாகச் சென்றால் கட்டிகள் உண்டாகித் தோலின் உள்ளடுக்கையே சிதைத்துவிடுகின்றன. அந்தச் சிதைவுதான் பின்னர் வடுவாக நிற்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இளமையில் கடும் பரு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு மிகுதி.

தவறான நம்பிக்கைகள்

முகப்பருவைத் தீய எண்ணத்தோடும் தீய பழக்கத்தோடும் முடிச்சிடுகிற வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. இதனால் இளைஞர் பலர் தம் முகமே தம்மைக் காட்டிக்கொடுப்பதாக எண்ணி உள்ளுக்குள் வெந்து போகின்றனர். இதனை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறேன்: பரு ஒருவனுடைய ஒழுக்கத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர்கள் வினவியபோது, நம் ஆண்டவர் அக்கேள்வியையே ஏற்கவில்லை என்பதை நற்செய்தியில் அறிவோம். நாமும் அக்கேள்வியை எழுப்ப வேண்டுவதில்லை.

"கலியாணம் ஆனால் சரியாகிவிடும்" என்பது மற்றொரு நம்பிக்கை. திருமணம் பருவுக்கு மருந்து அன்று. மணமான பெண்களுக்கு முப்பது, நாற்பது வயதிலும் பரு வருவதுண்டு.

உணவைப் பற்றி என்ன சொல்வது? எண்ணெய்ப் பலகாரம் உண்டால் முகத்தில் எண்ணெய் வடியும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் இரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றும் உணவுகளுக்குத் தொடர்பு உண்டு எனத் தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயதுக்குட்பட்ட ஆண்களைக் கொண்டு நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய உணவைக் குறைத்தவர்களுக்கு 12 வாரங்களில் பரு கூடுதலாகக் குறைந்தது. எனவே குளிர்பானம், இனிப்பு, மைதாப் பண்டம் ஆகியவற்றைக் குறைத்துப் பயறு, காய்கறிகளைக் கூட்டுவது நன்று. உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து புரதப் பொடி கரைத்துக் குடிக்கும் இளைஞருக்கு, பாலிலிருந்து எடுக்கப்படும் அப்பொடியாலும் பரு மிகுவதுண்டு. ஆயினும் உணவுக் கட்டுப்பாடு மட்டுமே கடும் பருவைக் குணப்படுத்தாது.

தலைக்கு எண்ணெய் தேய்ப்பது நம் மரபு. அந்த எண்ணெய் நெற்றியில் வழிந்து நின்றால் அங்குள்ள மயிர்க்கால்கள் அடைபடும். தலையில் எண்ணெய்ப் பசை தடவுவோரின் நெற்றியில் தோன்றும் இவ்வகைப் பருவை அமெரிக்க மருத்துவர்கள் 1970-இல் தனியே விவரித்து எழுதினர். நெற்றிப் பரு உள்ளவர்கள் எண்ணெயைக் குறைத்துக்கொள்வதும், தேய்த்தபின் நெற்றியைத் துடைத்துவிடுவதும் நலம்.

முகத்தை நாளுக்கு இருமுறை மென்மையான சோப்பினால் கழுவினால் போதும். பற்பசை, எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா முதலியவற்றைப் பருவின்மேல் பூசுவது தோலை எரித்துக் கருமையைக் கூட்டும். நகத்தால் கிள்ளிப் பிதுக்குவது சீழை உள்ளே தள்ளி வடுவை வரவழைக்கும். முகத்தில் கைவைக்கும் பழக்கத்தை விடுவதே பாதிச் சிகிச்சை எனலாம்.

கடைக் களிம்பு என்னும் கண்ணி

இனி, நம் குடும்பங்களில் மிகுந்த கேடு விளைவிக்கும் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரு வந்தவுடன் பலர் நாடுவது மருந்துக் கடையையே. "முகத்துக்கு ஏதாவது நல்ல க்ரீம் கொடுங்கள்" என்று கேட்க, கடையிலிருப்பவர் ஒரு குழாயை எடுத்துத் தருகிறார். அல்லது தோழி பூசி நிறம் கூடியது என்று அதே பெயரைச் சொல்லி வாங்குகின்றனர். இவற்றுள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது.

ஸ்டீராய்டு களிம்பு தோல் மருத்துவத்தில் சில நோய்களுக்கு மிகவும் பயனுள்ள மருந்து. ஆனால் பருவுக்கு அது மருந்து அன்று. பூசிய சில நாட்களில் சிவப்பு அடங்கும், முகம் வெளுக்கும். பூசியவர் மகிழ்ந்து தொடர்ந்து பூசுவார். வாரங்கள் செல்லச் செல்லத் தோல் மெலியும். இரத்த நாளங்கள் வெளியே தெரியும். பெண்களுக்கும் முகத்தில் முடி வளரும். பரு முன்னிலும் மிகுதியாகக் கிளம்பும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். வெயிலில் நிற்க முடியாது. எரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் அதையே பூசுவார். குடிப்பழக்கத்தில் சிக்கியவன் நிலையே இவர் நிலையும்.

இந்தக் கேடு நாடெங்கும் பரவியதால், 2018-இல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் சட்டத்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. குழாயின் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருக்குமானால், மருத்துவர் எழுதித் தராமல் அதனை முகத்தில் பூச வேண்டாம். பல மாதங்களாகப் பூசி வருவோர் அஞ்சித் திடீரென நிறுத்தாமல், தோல் மருத்துவரைக் கண்டு அவர் கூறும் முறைப்படி விடுபட வேண்டும்.

முறையான மருந்துகள்

நம் பாட்டனார் காலத்தில் இல்லாத நல்ல மருந்துகள் இன்று உள்ளன. வைட்டமின் ஏ-யின் வழிவந்த ட்ரெடினாயின் அமெரிக்காவில் 1971-இல் அனுமதி பெற்றது. அதே இனத்தைச் சேர்ந்த அடாபலீன் 1996-இல் வந்தது. இவை மயிர்க்காலின் அடைப்பைத் திறப்பன. கிருமியைக் குறைப்பது பென்சாயில் பெராக்சைடு. எளிய, நடுத்தரப் பருவுக்கு இவ்விரு வகைகளையும் சேர்த்தே மருத்துவர்கள் பெரும்பாலும் தருகின்றனர்.

இவற்றைப் பயன்படுத்தும் முறை அறியாமையால் பலர் ஒரே வாரத்தில் கைவிடுகின்றனர். அடாபலீனை இரவில், முகம் கழுவி நன்கு உலர்ந்தபின், ஒரு பட்டாணி அளவே எடுத்து முகம் முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும். பருவின்மேல் மட்டும் புள்ளியாக வைத்தால் அடுத்து வரவிருக்கும் பருவைத் தடுக்க இயலாது. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்குவது நல்லது. தொடக்கத்தில் சற்றே எரிச்சலும் உரிதலும் இருக்கும். பரு கூடியதுபோலவும் தோன்றலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும். ஆதலால் வெள்ளைத் தலையணை உறையும் வெள்ளைத் துண்டும் பயன்படுத்துக. பரு அடங்கியபின்னும் மருத்துவர் சொல்லும் காலம்வரை பூசிவர வேண்டும்.

அழற்சி மிகுந்தால் டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை மருத்துவர் சேர்ப்பார். இதனை மூன்று, நான்கு மாதங்களுக்கு மேல் நீட்டிப்பதில்லை, தனியாகவும் தருவதில்லை. பழைய சீட்டைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்கி உண்டால் கிருமிகள் மருந்துக்கு அடங்காத வலிமை பெற்றுவிடும்.

கட்டி கட்டியாக வந்து வடு விழும் கடும் பருவுக்கு ஐசோட்ரெடினாயின் என்னும் மாத்திரை உண்டு. 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, எண்ணெய்ச் சுரப்பியையே சுருங்கச் செய்வது. ஆறு மாத அளவில் உண்டு முடித்தோரில் பலருக்குப் பரு நீண்ட காலம் திரும்புவதில்லை. உதடு வறண்டு வெடிப்பது ஏறக்குறைய எல்லாருக்கும் உண்டு. கல்லீரலையும் கொழுப்பையும் அறிய இரத்தப் பரிசோதனை தேவை. மனச்சோர்வு ஏதும் தென்பட்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இம்மாத்திரையைப் பற்றிப் பெண்ணைப் பெற்றோர் கட்டாயம் அறியவேண்டியது ஒன்றுண்டு. இதனை உண்ணும்போது கருவுற்றால் குழந்தையின் மூளை, இதயம், முகம், காது ஆகியவை கடுமையாகச் சிதைவுறக்கூடும். மருந்தை நிறுத்தி ஒரு மாதம் கழியும்வரை கருத்தரிக்கலாகாது. அதுவரை இரத்த தானமும் செய்யலாகாது. நம் இல்லங்களில் மகளுக்கு வரன் பார்க்கும்போதுதான் முகத்திற்கு மருத்துவம் பார்க்க நினைக்கிறோம்; திருமண நாளும் விரைவில் குறிக்கப்படுகிறது. ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது திருமணப் பேச்சு நடப்பதை மறைக்காமல் கூறுங்கள். மாத்திரை தொடங்கியபின் நாள் குறிப்பதானால் அதையும் உடனே தெரிவியுங்கள். பிறக்கப்போகும் ஓர் உயிரின் நலம் இதில் அடங்கியிருக்கிறது. கருவுற்றிருக்கும் தாய்மார் அடாபலீன், ட்ரெடினாயின் பூச்சுகளையும் டாக்சிசைக்ளின் மாத்திரையையும் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அசிலாயிக் அமிலப் பூச்சு போன்ற வேறு வழிகளை மருத்துவர் கூறுவார்.

மனச்சான்று பற்றிய ஓர் ஐயம்

சில பெண்களுக்குத் தாடையிலும் தாடை ஓரத்திலும் பரு வந்துகொண்டே இருக்கும். மாதவிலக்கு முறையாக வராது. மீசைப் பகுதியில் முடி வளரும். இவர்களுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி என்று பொதுவாகச் சொல்லப்படும் ஹார்மோன் குறைபாடு இருக்கலாம். பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இதற்கு மருத்துவர்கள் தரும் மருந்துகளுள், கருத்தடை மாத்திரை என்று மக்கள் அறிந்துள்ள ஹார்மோன் மாத்திரையும் ஒன்று. அதன் பெயரைக் கண்டதும் கத்தோலிக்கத் தாய்மார் சிலர் திகைத்து, மருத்துவரிடமும் கேளாமல், பங்குத் தந்தையிடமும் கேளாமல் மருந்தை ஒதுக்கிவிடுகின்றனர்.

திகைக்க வேண்டியதில்லை. 1968-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் வெளியிட்ட "ஹுமானே வீத்தே" என்னும் சுற்றுமடல் 15-ஆம் எண்ணிலேயே இதற்கு விளக்கம் தந்துள்ளது. உடல் நோயைக் குணப்படுத்தத் தேவையான மருந்தினால் கருத்தரித்தல் தடைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தாலும், அத்தடையே நோக்கமாக இல்லாதவரை அம்மருந்தைத் திருச்சபை விலக்கவில்லை. நோய்க்காக மருந்துண்ணும் மகளின் மனச்சான்றில் பாரம் ஏற்றாதீர்கள். மணமானவர்கள் தம் நிலையை மருத்துவரிடமும் ஆன்மகுருவிடமும் தெளிவாகக் கூறி அறிவுரை பெறலாம். இரத்தம் உறைதல், கடும் ஒற்றைத் தலைவலி போன்றவை குடும்பத்தில் உண்டா என்பதையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

வடுவுக்கு என்ன வழி?

முதலில் கறை வேறு, வடு வேறு என்று அறிக. பரு ஆறிய இடத்தில் கருமை படிந்து, தடவிப் பார்த்தால் தோல் சமமாக இருக்குமானால் அது கறையே. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இது மிகுதி. சில மாதங்களில் அது தானே மங்கும். வெயில் படாமல் காப்பதும், வெயில் தடுப்புக் களிம்பு பூசுவதும், அசிலாயிக் அமிலம் அல்லது அடாபலீன் பூசுவதும் மங்குதலை விரைவுபடுத்தும்.

தடவினால் பள்ளமாகத் தெரிவதே உண்மையான வடு. இதில் மூன்று வகை உண்டு. ஊசியால் குத்தினாற்போன்று குறுகி ஆழ்ந்த குழி ஒன்று. விளிம்பு செங்குத்தாக உள்ள அகன்ற குழி மற்றொன்று. அலைபோல் மேடு பள்ளமாகத் தெரிவது மூன்றாவது. ஒரே முகத்தில் மூன்றும் கலந்திருக்கலாம். ஆதலால் எல்லாருக்கும் ஒரே சிகிச்சை பொருந்துவதில்லை.

ஊசிக் குழிக்குள் ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைக் குச்சி முனையால் தொட்டு வைத்து, அடியிலிருந்து தோல் வளரச் செய்வது ஒரு முறை. குழியைச் சிறு வட்டக் கத்தியால் அகற்றித் தையலிடுவதும் உண்டு. அலைப் பள்ளத்தில் தோலை அடியிலிருந்து இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை ஊசியால் அறுத்து விடுவிப்பர். நுண்ணூசிகளால் தோலில் துளையிட்டுப் புதிய கொலாஜன் நாரை வளரச் செய்வது பரவலாக நடைபெறும் சிகிச்சை. லேசர் கதிரை முகம் முழுவதும் செலுத்தாமல், இடைவெளி விட்டுப் புள்ளி புள்ளியாகச் செலுத்தும் முறை 2004-இல் அறிமுகமானது. இவை பெரும்பாலும் பல அமர்வுகளில், சில வார இடைவெளி விட்டுச் செய்யப்படுவன. தாடையிலும் மார்பிலும் மேடாகத் தடித்து வளரும் வடுவுக்கு, அதனுள்ளேயே மருத்துவர் ஸ்டீராய்டு ஊசி போடுவார். அது முறையான சிகிச்சையே.

இவற்றில் எதுவும் வடுவை முற்றும் அழித்துவிடாது. பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்துத் தோற்றத்தைச் செம்மைப்படுத்தும், அவ்வளவே. "நூற்றுக்கு நூறு மறையும்" என்று விளம்பரம் செய்பவரிடம் விலகி நில்லுங்கள். மாநிறத் தோலில் லேசரும் வலிய அமிலமும் தவறாகக் கையாளப்பட்டால் புதிய கருமை படியும். எனவே அழகு நிலையத்தில் இவற்றைச் செய்துகொள்வதும், ஊசி உருளையை வாங்கி வீட்டில் உருட்டுவதும் ஆகா. பரு இன்னும் வந்துகொண்டிருக்கும்போது வடுச் சிகிச்சைக்குப் பணம் செலவிடுவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும். முதலில் பருவை அடக்குக.

தனியார் மருத்துவமனைக்குச் செல்ல வசதியில்லாதோர் கவலையுற வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்குப் பயின்ற மருத்துவர்களே பார்க்கின்றனர். காலையில் சென்று வரிசையில் நிற்கும் பொறுமை ஒன்றே தேவை.

பெற்றோருக்கு ஒரு சொல்

பிரித்தானியாவில் 2018-இல் வெளியான பேராய்வு ஒன்று, முகப்பரு உள்ளோர்க்கு, அதுவும் நோய் கண்டறியப்பட்ட முதல் ஆண்டில், கடும் மனச்சோர்வு மிகுதியாக வருவதைக் காட்டியது. நம் பிள்ளைகள் இதனை வாய்விட்டுச் சொல்வதில்லை. புகைப்படம் எடுக்க அழைத்தால் ஒதுங்குவர்; உறவினர் திருமணத்திற்கு வர மறுப்பர்; பாடற்குழுவில் முன்வரிசையில் நின்றவர் பின்வரிசைக்குப் போவர். இதனைச் சோம்பல் என்றோ கர்வம் என்றோ எண்ணிவிடாதீர்கள். உண்ணாமை, உறங்காமை, வாழ்வில் சலிப்பு ஆகியவை தென்பட்டால் தாமதமின்றி மருத்துவரை நாடுங்கள்.

விருந்தினர் முன்னிலையில் பிள்ளையின் முகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அத்தையும் மாமாவும் வீட்டுக்கு வந்தவுடன், "என்ன, முகமெல்லாம் இப்படி ஆகிவிட்டதே!" என்று வினவுவது அன்பினால்தான். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்க அஞ்சியே அறையைவிட்டு வெளிவராத பிள்ளைகள் உண்டு. அவ்வாறு யாரேனும் வினவினால், "மருத்துவம் பார்க்கிறோம், சரியாகிவிடும்" என்று நீங்களே விடை கூறிப் பேச்சை மாற்றுங்கள். உங்கள் மகன் அதனை மறக்கமாட்டான்.

பெண் பார்க்கச் செல்வோருக்கும் இதையே சொல்வேன். கன்னத்தில் நான்கு பள்ளம் கண்டு நல்ல பெண்ணை வேண்டாம் எனத் தள்ளுவது நம் குடும்பங்களுக்கு அழகன்று.

இளைஞரே, உங்கள் முகத்திற்குச் சிகிச்சை பெறுவது வீண் அலங்காரம் அன்று. நோய்க்கு மருந்து தேடுவதே அது. வெட்கமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள். மூன்று மாதமேனும் பொறுமையோடு மருந்திடுங்கள். கண்ணாடி முன் நிற்கும் நேரத்தில் பாதியையேனும் நண்பரோடும் நூலோடும் செலவிடுங்கள். பருவைக் கிள்ளாத கையும், பிள்ளையைக் கிள்ளாத நாவும் நம் இல்லங்களில் அமையுமாக.